வில்லியனூர் முதல் பாகூர் வரை... முதுகலை மாணவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்க ஒரு கிராமத்துப் பயணம்!

விழுப்புரத்தில் ஏறினால் புதுச்சேரிக்கு ரயிலில் 38 கிலோமீட்டர்தான். 1879-ல் திறக்கப்பட்ட பாதை. வளவனூர், சின்னபாபுசமுத்திரம் தாண்டி, புதுச்சேரிக்கு முந்தைய நிறுத்தம் வில்லியனூர். இறங்கியதுமே இது சுற்றுலாக்காரர்கள் பார்க்கும் பாண்டி இல்லை என்று தெரிந்துவிடும். மஞ்சள் சுவர் பிரெஞ்சு வீதி கிடையாது, கடற்கரைச் சாலை கிடையாது. ஒரு பக்கம் திருக்காமீஸ்வரர் கோயில், இன்னொரு பக்கம் குளத்தோடு கூடிய லூர்து மாதா கோயில். ஊரைச் சுற்றி வயலும் செங்கற்சூளையும் புதுப்புது மனைப்பிரிவுகளும்.

வைகாசியில் நடக்கும் வில்லியனூர் தேர்த் திருவிழா ரொம்பவே பிரபலம். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தேரைத் தொடங்கி வைப்பார். அந்த வழக்கம் துணைநிலை ஆளுநர் காலத்திலும் தொடர்கிறது. நிர்வாகத்திலும் பிரெஞ்சு வாசனை போகவில்லை. இங்கே ஒன்றியம் என்று சொல்ல மாட்டார்கள், 'கொம்யூன்' என்பார்கள். அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என்று புதுச்சேரி வட்டாரத்தில் ஐந்து கொம்யூன்கள்.

இந்தக் கொம்யூன் கிராமங்களிலிருந்து தினமும் காலையில் பஸ்ஸுக்கும் டெம்போவுக்கும் நிற்கும் கூட்டத்தில் எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.காம்., பிஎச்.டி. படிப்பவர்களும் இருக்கிறார்கள். லாஸ்பேட்டையில் இருக்கும் காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையத்துக்கோ, 1985-ல் தொடங்கப்பட்ட காலாப்பட்டு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கோ போக வேண்டும். பாகூரிலிருந்து காலாப்பட்டு என்றால் ஒரு பக்கமே 30 கிலோமீட்டருக்கு மேல்.

அரசு நிறுவனங்களில் படிப்புக் கட்டணம் ஓரளவு கட்டுக்குள்தான் இருக்கும். கையைக் கடிப்பது மற்ற செலவுகள். பஸ், ஜெராக்ஸ், புத்தகம், டைப்பிங், பிரின்ட், விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டர், சாஃப்ட்வேர், ஆய்வுக் கட்டுரை... ஒவ்வொன்றும் சில்லறைதான். இரண்டு வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால், வீட்டில் ஒரு நகை அடகுக்குப் போயிருக்கும். முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கியவர்கள் 'மேலே படிக்க வேண்டாம், வேலைக்குப் போய்விடலாம்' என்று நின்றுவிடுவதும் இப்படித்தான்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தச் செலவுகளில் பலவற்றுக்கு அரசோ பல்கலைக்கழகமோ ஏற்கெனவே பணம் கட்டிவிட்டது. அது தெரியாததால்தான் மாணவர்கள் இரண்டாவது முறையாகத் தங்கள் பையிலிருந்து கட்டுகிறார்கள். எங்கெங்கே அப்படிக் கட்டுகிறோம்? வில்லியனூரில் தொடங்கி பாகூர் வரை ஒரு சுற்று போய்ப் பார்த்துவிடுவோம்.

முதல் நிறுத்தம்: வில்லியனூர் தாலுகா அலுவலகம்

புதுச்சேரி வட்டாரத்தின் நான்கு தாலுகாக்களில் வில்லியனூரும் பாகூரும் உண்டு. எந்த ஸ்காலர்ஷிப் என்றாலும் முதலில் கேட்பது சாதி, வருமானம், குடியிருப்புச் சான்றிதழ்கள். விண்ணப்பிக்க அரை நாள், விசாரணைக்கு அரை நாள், வாங்க அரை நாள் என்று வகுப்பை விட்டு அலைவதும் செலவுதான். புதுச்சேரி அரசின் 'இ-டிஸ்ட்ரிக்ட்' இணையதளத்தில் இந்தச் சான்றிதழ்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்.

வருமானச் சான்றிதழுக்குக் காலக்கெடு உண்டு என்பதை மறக்காதீர்கள். ஸ்காலர்ஷிப் அறிவிப்பு வந்த பிறகு ஓடுவதைவிட, கல்வியாண்டு தொடங்கும்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது 'டிஜிலாக்கர்'. 2015 முதல் இருக்கும் இந்த அரசுச் செயலியில் வரும் மதிப்பெண் சான்றிதழும் பட்டச் சான்றிதழும் சட்டப்படி மூலச் சான்றிதழுக்குச் சமம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு செட் ஜெராக்ஸ், அட்டெஸ்டேஷன் என்று செலவழிப்பது பெரும்பாலும் மிச்சமாகும். அதில் வராத பழைய ஆவணங்களை, செல்போனில் இருக்கும் கூகுள் டிரைவ் செயலியின் ஸ்கேன் வசதியிலேயே பி.டி.எஃப். ஆக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, வங்கிக் கணக்கு. உதவித்தொகை இப்போது நேரடியாக வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. அதுவும் ஆதாரோடு இணைந்த கணக்குக்கு. இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, எந்தக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறது என்பதே தெரிந்திருக்காது. 'பணம் வரவில்லை' என்று அலைபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்தால், எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று காட்டிவிடும். காசு கிடையாது.

எந்த உதவித்தொகை யாருக்கு?

கையில் சான்றிதழ் இருந்தால் போக வேண்டிய அடுத்த இடம், தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டல். ஒருமுறை பதிவு செய்து எண் வாங்கிவிட்டால், பல திட்டங்களுக்கு அதையே பயன்படுத்தலாம். முதுகலை மாணவர்கள் பார்க்க வேண்டியவை இவை.

யுஜிசி-யின் முதுகலை தேசிய உதவித்தொகை: மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்கு 10 மாதங்கள். நாடு முழுக்க 10,000 பேருக்கு. 30 விழுக்காடு இடங்கள் பெண்களுக்கு. இளங்கலை மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு செய்கிறார்கள். முழுநேரமாக முதுகலை முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். இரண்டாம் ஆண்டில் தெரிய வந்து பயனில்லை.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை: பட்டியல் இனத்தவருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்குமான மத்திய திட்டங்களில் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. எந்த மாநிலத்தில் படிக்கிறீர்களோ அது தருவதில்லை. எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அதுதான் தருகிறது. பாகூர் மாணவி சென்னையில் எம்.எஸ்சி. படித்தாலும் புதுச்சேரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

கேட் தேர்ச்சி பெற்று எம்.டெக். சேர்பவர்களுக்கு ஏஐசிடிஇ மாதம் 12,400 ரூபாய் தருகிறது.

பிஎச்.டி. என்றால், யுஜிசி நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பிறகு சீனியர் நிலையில் 42,000 ரூபாய். நெட் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, தமிழ் இலக்கியம் உட்பட பல பாடங்களில் நடக்கிறது. முதுகலை இறுதியாண்டு படிக்கும்போதே எழுதலாம்.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால், நகையை எடுப்பதற்கு முன் 'பி.எம். வித்யாலட்சுமி' திட்டத்தைப் பாருங்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தால் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டி மானியம். மத்திய அரசின் கல்வி நிறுவனங்கள் இதில் அடங்கும்; புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் ஜிப்மரும் மத்திய அரசு நிறுவனங்கள்தான்.

சாலையின் அந்தப் பக்கம் தமிழ்நாடு

வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே போனால் ஒரு வேடிக்கை. கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனையும் மதகடிப்பட்டும் புதுச்சேரி, அதற்கப்பால் மறுபடியும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பிரித்துக்கொண்ட ஊர்கள் இன்னும் அப்படியே பல்லாங்குழி மாதிரி சிதறிக் கிடக்கின்றன. அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் ஒரே பஸ்ஸில் ஒரே கல்லூரிக்குப் போவார்கள். ஆனால், ஒருவருக்குத் தமிழக அரசின் திட்டங்கள், இன்னொருவருக்குப் புதுச்சேரி அரசின் திட்டங்கள்.

அதனால் 'என் தோழிக்கு வருகிறது, எனக்கும் வரும்' என்று நம்பி விண்ணப்பித்தால் வேலைக்காகாது. குடியிருப்புச் சான்றிதழ் எந்த அரசிடமிருந்து வாங்கியதோ, அந்த அரசின் திட்டப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். எல்லையைத் தாண்டி எல்லோருக்கும் ஒன்றாக இருப்பவை மத்திய அரசின் திட்டங்களும், இனி நாம் பார்க்கப்போகும் இணையக் கருவிகளும்தான்.

ஊசுட்டேரி: லேப்டாப்பில் ஒரு பரிசோதனைக்கூடம்

வில்லியனூருக்கு வடக்கே ஊசுட்டேரி. புதுச்சேரி வட்டாரத்தின் மிகப்பெரிய ஏரி. ஒரு பகுதி தமிழக எல்லைக்குள் இருக்கிறது. 2008-ல் புதுச்சேரி அரசு தன் பக்கத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகளைப் பார்க்கக் குடும்பத்தோடு வருகிறவர்கள் உண்டு. விலங்கியல், தாவரவியல், சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர்களுக்கோ இது வீட்டுப் பக்கத்திலேயே கிடைத்த ஆய்வுக்களம்.

கல்லூரி புராஜெக்ட்டுக்கு தரவு வேண்டும் என்றால் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் 'இ-பேர்ட்' தளத்தில், பறவை ஆர்வலர்கள் எந்த நாளில் எந்த ஏரியில் என்ன பறவையைப் பார்த்தார்கள் என்று பதிவு செய்கிறார்கள். ஆய்வுக்கு வேண்டும் என்று கேட்டால் மொத்தத் தரவும் இலவசம். செடி, பூச்சி பெயர் தெரியவில்லையா? 'ஐ-நேச்சுரலிஸ்ட்' செயலியில் படம் போட்டால், தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

ஏரி சுருங்கியிருக்கிறதா, சுற்றிலும் மனைகள் கூடியிருக்கின்றனவா என்று வரைபடம் போட 'க்யூ-ஜி.ஐ.எஸ்.' என்ற இலவச மென்பொருள் போதும். செயற்கைக்கோள் படங்களுக்கு இஸ்ரோவின் 'புவன்' தளம் இருக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். கூகுள் எர்த் புரோவில் பழைய ஆண்டுகளின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கலாம்.

பொருளியல், சமூகப்பணி மாணவர்கள் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்புவார்கள். 200 பேருக்கு ஐந்து பக்கம் என்றால் 1,000 பக்கம் ஜெராக்ஸ். அதைத் திரும்ப கம்ப்யூட்டரில் ஏற்ற இன்னொரு செலவு. 'கோபோ டூல்பாக்ஸ்' என்ற இலவசக் கருவியில் தமிழிலேயே கேள்விகளைத் தயாரித்து, செல்போனில் நிரப்பலாம். களத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். வீட்டுக்கு வந்ததும் அனுப்பிக்கொள்ளலாம். புள்ளியியல் கணக்குக்கு விலை உயர்ந்த மென்பொருளின் திருட்டுப் பிரதியைத் தேட வேண்டாம். 'ஆர்', 'ஜாஸ்ப்', 'ஜமோவி' மூன்றும் இலவசம், சட்டப்படியானவை. திருட்டுப் பிரதியோடு வைரஸும் சேர்ந்து வந்து ஆய்வேட்டை அழித்துவிட்டால், அதற்கு விலையே சொல்ல முடியாது.

கணினி அறிவியல் மாணவர்கள் அதிக சக்தி உள்ள லேப்டாப்புக்குக் கடன் வாங்குவதற்கு முன் 'கூகுள் கோலாப்'பை முயன்று பார்க்கலாம். கனமான கணக்குகளை கூகுளின் கம்ப்யூட்டரில் ஓட்டிக்கொள்ளும் வசதி அது. சாதாரண லேப்டாப்பே போதும்.

சேலியமேடு: தமிழ் படிப்பவர்களுக்கு

மங்கலம் பக்கமாகத் தெற்கே இறங்கி பாகூர் கொம்யூனுக்குள் நுழைந்தால் காட்சி மாறும். நெல் வயல்கள் விரிகின்றன. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூருக்குப் பெயர். இந்தப் பகுதியில்தான் சேலியமேடு இருக்கிறது. பாரதிதாசனின் மாணவரான கவிஞர் வாணிதாசன் வாழ்ந்த ஊர். 1915-ல் வில்லியனூரில் பிறந்தவர் அவர். இந்த இரண்டு கொம்யூன்களுக்கும் சொந்தமான கவிஞர். இயற்கையைப் பாடியதால் தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த் என்று அழைக்கப்பட்டார்.

வாணிதாசனை ஆய்வு செய்யும் மாணவர் பழைய பதிப்புகளைத் தேடிச் சென்னைக்குப் போய்த் தங்க வேண்டியதில்லை. அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் நாட்டுடைமை நூல்களைக் காசில்லாமல் படிக்கலாம். அதே கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் அரிய நூல்களும் பருவ இதழ்களும் கிடைக்கின்றன. 1998-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் பல நூல்கள், சொல் தேடக்கூடிய எழுத்து வடிவத்திலேயே இருக்கின்றன. மேற்கோளைத் தேடி மூன்று நாள் புரட்டுவதை மூன்று நிமிடத்தில் முடிக்கலாம்.

தமிழ் ஆய்வேட்டுக்கு டைப்பிங் செலவு பெரிய தலைவலி. பக்கத்துக்கு இவ்வளவு, திருத்தத்துக்கு இவ்வளவு என்று பில் நீளும். 'கூகுள் டாக்ஸ்' தமிழில் பேசுவதை எழுத்தாக்கித் தருகிறது. புணர்ச்சியிலும் ஒற்றிலும் தவறு வரும். உட்கார்ந்து திருத்த வேண்டும். ஆனாலும் பாதி வேலை மிச்சம். பழைய புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, 'டாக்ஸில் திற' என்று கொடுத்தால், படத்தில் உள்ள தமிழ் எழுத்துகளையும் பிரித்துக் கொடுக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. ஆரம்பம் முதலே யூனிகோடில் டைப் செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்துவிட்டால், கடைசியில் மாற்றுவதற்குத் தனியாகச் செலவு, தனியாகப் பிழை.

புத்தகமாகத்தான் படிக்க வேண்டும் என்பவர்களுக்கு, 1827-ல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலண்ட் நூலகம் புதுச்சேரி நகரில் இருக்கிறது. கிராமங்களில் அரசின் கிளை நூலகங்கள் உண்டு. வரலாறு, தத்துவம், மொழி ஆய்வாளர்களுக்கு 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகம் ஒரு புதையல். அங்குள்ள சைவ ஓலைச்சுவடித் தொகுப்பு 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் சேர்ந்தது.

பாகூர்: 1,100 ஆண்டுக்கு முந்தைய ஸ்காலர்ஷிப்

தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து நிறையும் பாகூர் ஏரி, ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. ஊருக்குள் சோழர் காலக் கல்வெட்டுகளோடு மூலநாதர் கோயில். 1752-ல் ஆங்கிலேயர்களும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிய போர்க்களமும் பாகூர்தான்.

ஆனால் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதற்கும் முந்தைய கதை. 19-ம் நூற்றாண்டில் இங்கே ஐந்து செப்பேடுகள் கிடைத்தன. 9-ம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. சமஸ்கிருதச் செய்யுளும் தமிழ் உரைநடையும் கலந்த ஆவணம். பாகூரில் இருந்த 'வித்யாஸ்தானம்' என்ற உயர்கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தியை அது சொல்கிறது. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று ஊர்ப் பெயர்களும் அதில் உண்டு. வரி நீக்கி, கல்விக்கான கொடையாக அவை ஒதுக்கப்பட்டன. அந்த ஊர்களின் விளைச்சலும் வருமானமும் அங்கே படிப்பவர்களுக்கும் கற்பிப்பவர்களுக்கும். படிக்க வந்தவர் சோற்றுக்குக் கவலைப்படக் கூடாது என்று அப்போதே ஒரு ஏற்பாடு!

இந்தச் செப்பேட்டைப் படிக்க இன்று எவ்வளவு செலவாகும்? ஒன்றுமே ஆகாது. 'எபிகிராஃபியா இண்டிகா' 18-ம் தொகுதியில் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியானது. அந்தப் பழைய தொகுதிகள் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாகூர்ப் புலவர் குப்புசாமி ஊர் ஊராகத் திரட்டிய புதுச்சேரிக் கல்வெட்டுகளும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வழியாக 2006-லும் 2010-லும் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன.

இன்றைய 'மூன்று ஊர்' எது என்று கேட்டால், 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தைச் சொல்லலாம். உலக அளவிலான ஆய்விதழ்களில் ஒரு கட்டுரையைத் தனியாக வாங்கினால் 30, 40 டாலர் கேட்பார்கள். மத்திய அரசு 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டியிருக்கிறது. மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களில் படிக்கும் எல்லோருக்கும் உரியது. பல்கலைக்கழகத்துக்கு மட்டுமில்லை, அரசுக் கலைக் கல்லூரிக்கும்தான். வீட்டிலிருந்தே நுழைய வழி இருக்கிறதா, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் யார் தருவார்கள் என்று உங்கள் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பல ஆயிரம் ரூபாய்க்குச் சமம்.

தனியார் சுயநிதிக் கல்லூரியில் படிக்கிறீர்களா? இந்தத் திட்டத்தின் முதல் கட்டத்தில் நீங்கள் இல்லை. ஆனாலும் வழி இருக்கிறது. கூகுள் ஸ்காலரில் கட்டுரைத் தலைப்புக்குக் கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்பதைத் தட்டினால், ஆசிரியர் இலவசமாகப் போட்டிருக்கும் பிரதி பல நேரம் கிடைக்கும். 'அன்பேவால்' என்ற சிறு கருவியை பிரவுசரில் சேர்த்துவிட்டால், சட்டப்படியான இலவசப் பிரதி இருக்கிறதா என்று அதுவே காட்டும். அதிலும் இல்லையென்றால், கட்டுரை எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலான ஆய்வாளர்கள் மகிழ்ச்சியாக அனுப்பி வைப்பார்கள்.

எல்லோருக்கும் திறந்திருக்கும் வேறு சில கதவுகள்:

'சோத்கங்கா' – இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் முழுமையாக. தலைப்பு தேர்வு செய்வதற்கு முன் இங்கே தேடினால், ஏற்கெனவே செய்த வேலையைத் திரும்பச் செய்ய மாட்டீர்கள்.

'இ-பிஜி பாடசாலை' – 70 பாடங்களில் முதுகலைக்கான பாடப் பகுதிகள்.

'தேசிய மின்னூலகம்' – காரக்பூர் ஐஐடி நடத்துவது. 2018-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

'ஸ்வயம்' – 2017 முதல். வகுப்புகள் இலவசம்; சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். உங்கள் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகவே முடிக்க யுஜிசி 2021-ல் அனுமதி கொடுத்திருக்கிறது.

'சோட்டெரோ' – படித்த கட்டுரைகளைச் சேர்த்து வைத்து, அடிக்குறிப்பையும் நூற்பட்டியலையும் தானாகவே தயாரித்துத் தரும் இலவச மென்பொருள்.

இவற்றுக்கெல்லாம் பணம் கொடுக்காதீர்கள்!

மிச்சம் பிடிப்பதில் பாதி, ஏமாறாமல் இருப்பதுதான். கிராமத்திலிருந்து வரும் மாணவர்களின் செல்போனுக்குத் தினமும் வரும் சில மெசேஜ்கள்...

'ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' – தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. பணம் கேட்டாலோ ஓ.டி.பி. கேட்டாலோ அது மோசடி.

'உங்கள் கட்டுரையை ஒரே வாரத்தில் இன்டர்நேஷனல் ஜர்னலில் போடுகிறோம்' – யாரும் படித்துப் பார்க்காமல், காசு வாங்கிக்கொண்டு வெளியிடும் போலி இதழ்கள் இவை. பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஜர்னலில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிமுறை நீக்கிவிட்டது. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் அந்த நிபந்தனையை வைத்திருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முடிவு எடுங்கள்.

'காப்பி இருக்கிறதா என்று பார்த்துத் தருகிறோம்' – 2019-ல் தொடங்கிய 'சோத்சுத்தி' திட்டத்தில், ஒற்றுமை பார்க்கும் மென்பொருளைப் பல்கலைக்கழகங்களுக்கு அரசே தருகிறது. நூலகத்தில் கேளுங்கள். யுஜிசி-யின் 2018 விதிப்படி 10 விழுக்காடு வரை ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை என்றால் திருத்திக் கொடுக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆய்வேட்டையே எழுதித் தரும் கடைகளுக்குப் பணம் கொடுத்தவர்கள் இழப்பது அந்தப் பணத்தை மட்டுமல்ல, மூன்று நான்கு வருட உழைப்பையும்தான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளின் இலவச வடிவமே பெரும்பாலான மாணவர்களுக்குப் போதும். கடினமான ஆங்கிலப் பத்தியைப் புரிந்துகொள்ள, வாக்கியத்தைத் திருத்த உதவும். ஆனால் அது தரும் நூற்பட்டியலை அப்படியே போடாதீர்கள். இல்லாத புத்தகத்தை இருப்பதுபோல் சொல்லும். ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

'சேர்ந்துவிட்டீர்கள், இனி கட்டணம் திரும்பக் கிடைக்காது' – வேறு நல்ல இடம் கிடைத்து விலகினால், எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பத் தர வேண்டும் என்று யுஜிசி வரையறை வைத்திருக்கிறது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்வதும் விதிமீறல். கட்டணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ரயில் டிக்கெட்டிலும் ஒரு சலுகை இருக்கிறது. ஆய்வு வேலைக்காகப் பயணம் செய்யும் 35 வயதுக்குட்பட்ட ஆய்வு மாணவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 50 விழுக்காடு. கல்வி நிறுவனத்தில் படிவம் வாங்கி, கவுன்ட்டரில் எடுக்க வேண்டும். ஆன்லைனில் அவசரப்பட்டு முழுக் கட்டணம் கட்டிவிடாதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

ஒன்று, வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, வருமானச் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். மூன்று, டிஜிலாக்கரில் மதிப்பெண் சான்றிதழ்களை இறக்குங்கள். நான்கு, தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் ஒருமுறைப் பதிவை முடியுங்கள். ஐந்து, நூலகரிடம் 'ஒரே நாடு ஒரே சந்தா' பற்றிக் கேளுங்கள். பெரிய பி.டி.எஃப். கோப்புகளைக் கல்லூரி வைஃபையிலேயே இறக்கிக்கொண்டால், பாகூர் பஸ்ஸில் உட்கார்ந்து டேட்டா செலவில்லாமல் படிக்கலாம்.

வீட்டில் முதுகலை படிக்கும் பிள்ளை இருந்தால் பெற்றோரும் ஒரு விஷயத்தைக் கேட்டு வையுங்கள். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட்டதோடு வேலை முடிவதில்லை. கல்லூரி அதைச் சரிபார்த்து ஆன்லைனில் ஒப்புதல் தர வேண்டும். அதற்கும் கடைசித் தேதி உண்டு. அந்த நாளைத் தாண்டிவிட்டால் தகுதி இருந்தும் பணம் வராது. எனவே விண்ணப்பித்த மறுநாளே அச்சுப்பிரதியோடு கல்லூரியின் ஸ்காலர்ஷிப் பிரிவுக்குப் போய், ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று திரையில் பார்த்த பிறகே வீட்டுக்கு பஸ் ஏறச் சொல்லுங்கள்.